கூண்டில் ஏறிய துணையாள்

ஜெஸீம் அன்று நீதிமன்றக் கூண்டில் ஏறியது யாரையும் ஏமாற்ற அல்ல. றிஸ்மிக்குப் பயம் தெளியட்டும் என்றுதான் ஏறினான்.

"அஹமதுலெப்பை றிஸ்மி!" என்று பெயர் கூப்பிட்டார்கள். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரன் கடைசி வாங்குப் பலகையில் ஜெஸீமுக்குப் பக்கத்தில்தான் இருந்தான். அசையவில்லை. இரண்டாம் தரமும் கூப்பிட்டார்கள். றிஸ்மியின் முழங்கால் இரண்டும் ஸ்டார்ட் பண்ணி விட்ட மோட்டார் சைக்கிள் மாதிரி உதறின. ஆள் மட்டும் கிளம்பவில்லை. மூன்றாம் தரமும் எழும்பாவிட்டால் பிடியாணைதான். கோட்டுக்கு வந்து போனவர்களுக்கு இது தெரியும். ஜெஸீம் வந்து போனவன்.

"தம்பி, ஒண்டுமில்ல. பாருங்க, நான் போய்க் காட்டுறன், பின்னால வாங்க" என்று காதுக்குள் சொல்லிவிட்டு முன்னால் நடந்தான். மரப்படியில் கால் வைத்து ஏறினான். திரும்பி, 'பார்த்தீங்களா, வெறும் பலகைதான்' என்பது போலக் கம்பியைத் தட்டிக் காட்டினான். காட்டி முடிய முன்னம் நீதவான் அம்மா கோப்பிலிருந்து நிமிர்ந்துவிட்டார். கல்முனைக்கு மாற்றலாகி வந்து அது அவருக்கு மூன்றாம் நாள். எந்த முகத்தையும் தெரியாது.

"மருந்து ஒழுங்காக எடுக்கிறீரா?"

"ஓம் மேடம். ஒரு நாளும் விட்டதில்ல."

"காதில் சத்தங்கள் கேட்கிறதா?"

"முந்திக் கேட்ட மேடம். இப்ப அஞ்சு வருசமா இல்ல."

நீதவான் அம்மா கோப்பைப் பார்த்தார். சம்பவம் நடந்ததே போன வருஷம். "ஐந்து மாதமாக இல்லை" என்று தானே திருத்தி எழுதிக்கொண்டார். "தொழில்?"

"ஆஸ்பத்திரில மேடம். என்னப் போல சுகமில்லாம வாறவங்களுக்குத் துணையா இரிக்கிற."

பேனையை வைத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இந்த மன்றத்தில் இப்படி ஒருவரைக் காண்பது அரிது. நீர் நன்றாகவே சுகமாகியிருக்கிறீர்."

அந்த இடத்திலாவது ஜெஸீம் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னம் இதே கூண்டில் அவன் நின்றபோது, 'கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, வேற ஒண்டும் கதையாத' என்று அன்றைய லோயர் சொன்னது உடம்பில் ஊறிக் கிடந்தது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவன் அப்போது தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

கட்டளை வாசிக்கப்பட்டது. சந்தேகநபர் சுகமடைந்திருப்பதால் இனி மாதாமாதம் கிளினிக் அறிக்கை தேவையில்லை; ஞாயிறு தோறும் பொலிஸில் கையெழுத்து வைக்கவும் தேவையில்லை; இரண்டு வாரத்தில் வழக்கை முடிப்பது பற்றிப் பார்க்கலாம்.

ஜெஸீம் இறங்கி வந்து வாங்கில் இருந்தான். றிஸ்மிக்கு அவன் அண்ணன் மாதிரி, 'காக்கா'. அவனை இரக்கத்தோடு பார்த்தான்.

"காக்கா, உங்களுக்கும் வழக்கு இரிக்கா?"

*

றிஸ்மியின் வழக்கு ஐஸ் ஃபெக்டறி வழக்கு. இருபத்தேழு வயது, மருதமுனைப் பொடியன். போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, ஆட்களெல்லாம் ஜும்ஆவுக்குப் போன நேரம், ஐஸ் ஃபெக்டறிக்குள் போய் மெஷின்களை ஒவ்வொன்றாக நிற்பாட்டிக் கதவுகளைத் திறந்து வைத்துவிட்டான். தொழுகை முடித்து வந்தவர்கள் கண்டது முழங்கால் தண்ணீரும், மூன்று தோணி மீனும், நடுவில் நனைந்துபோய்ச் சிரித்துக்கொண்டிருந்த றிஸ்மியும். மெஷின்கள் இரவு பகலாகத் தன் பெயரைச் சொல்லித் திட்டுவதாகவும், இப்போதுதான் வாயை மூடியதாகவும் பொலிஸுக்குச் சொன்னான். பொலிஸ் அதை அப்படியே வாக்குமூலமாக எழுதியது. அப்போதிருந்த நீதவான் அதைப் பார்த்துவிட்டு மறியல் சிறைக்கு அனுப்பாமல், மாதம் ஒரு ஊசி, மாதம் ஒரு அறிக்கை, ஞாயிறு தோறும் ஒரு கையெழுத்து என்று பிணையில் விட்டார். கூடவே ஒரு துணையாளும் வேண்டும் என்றார்.

அந்தத் துணையாள்தான் ஜெஸீம். துணையாள் என்றால் டொக்டரும் இல்லை, நேர்சும் இல்லை. தானும் அந்த வருத்தத்தில், அந்த நோயில், விழுந்து எழும்பியவன். இப்போது விழுந்திருப்பவனோடு கிளினிக்குக்கும் கோட்டுக்கும் பொலிஸுக்கும் கூட நடப்பவன். பயிற்சியில் சொல்லிக் கொடுத்த முதல் பாடம், முன்னால நடக்காதீங்க, பக்கத்துல நடங்க என்பது. ஜெஸீமுக்கு அந்தப் பரீட்சையில் நல்ல புள்ளி.

கோட்டுக்கு முன்னால் உள்ள தேத்தண்ணிக் கடையில் றிஸ்மியின் லோயர் மிஹ்லார் வந்து பிடித்தான். பக்கத்துக் கோட்டில் வேறு வழக்கில் மாட்டிக்கொண்டவன், கறுப்புக் கோட்டைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருந்தான்.

"காக்கா, கட்டளையப் பாத்த! நான் இல்லாமலே இப்பிடி ஒரு ஓடர் எடுத்திரிக்கீங்க! அறிக்கையும் வேணாமாம், கையெழுத்தும் வேணாமாம்! என்ன சொன்னான் றிஸ்மி?"

"அவன் ஒண்டும் சொல்லல்ல. நான்தான் சொன்ன."

"அவனுக்காகவா?"

"இல்ல, அவனா."

மிஹ்லார் கோட்டைக் கதிரையில் போட்டான். பிறகு எடுத்து மாட்டிக்கொண்டான். ஜெஸீம் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவனுக்கு முன்னால் இருந்த பால் விடாத பிளேன்டி ஆறிப்போனது.

"இதுக்குச் சட்டத்துல ஆள்மாறாட்டம் எண்டு பேர் காக்கா."

"திரும்பவுமா?" என்றான் ஜெஸீம்.

திரும்பவும்தான். எட்டு வருஷத்துக்கு முன்னம் அவனுக்கு வருத்தம் முற்றியிருந்த நாட்களில், வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு, உம்மாவின் குடைக் கம்பியோடு கல்முனைச் சந்தியில் நின்று மூன்று மணித்தியாலம் வாகனங்களுக்குக் கை காட்டியவன் அவன். அன்று போல அந்தச் சந்தி அதற்குப் பிறகு ஒழுங்காக ஓடியதில்லை என்று ஓட்டோக்காரர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். பொலிஸுக்குத்தான் பிடிக்கவில்லை. அரச உத்தியோகத்தர் போல நடித்ததாக வழக்குப் போட்டார்கள். கடைசியில், 'சுகமில்லாத ஆள், விடுங்க' என்று கைவிட்டார்கள். முதல் தரம் பொலிஸாக நடித்து வழக்கு. இந்தத் தரம் குற்றவாளியாக நடித்து. உத்தியோகத்தில் இறங்குமுகம்தான் என்று ஜெஸீம் நினைத்தான்.

"மிஹ்லார் தம்பி, நேராச் சொல்லுங்க. நான் செஞ்சது பிழையா?"

"பிழையெண்டு சொல்லப்போனா... சரியெண்டும் சொல்லேலா. நோக்கம் எண்டு ஒண்டு இரிக்கி. விளைவு எண்டு ஒண்டு இரிக்கி."

"அப்ப மேடத்துக்கிட்டப் போய்ச் சொல்லிடவா?"

"சொன்னா றிஸ்மிட பிணை போகலாம். சேர்ந்து கோட்ட ஏமாத்தினீங்க எண்டு நினைப்பாங்க. மறியல்ல அவன் ரெண்டு நாள் தாங்க மாட்டான்."

"சொல்லாம விட்டா?"

"பொறகு ஆராவது கண்டுபிடிச்சா இதவிடக் கேடு."

"அப்ப என்னதான் செய்ற?"

மிஹ்லார் இரண்டு பக்கமும் பார்த்தான். "நீங்க எனக்கு ஒண்டும் சொல்லல்ல. நான் ஒண்டும் கேக்கல்ல. பிளேன்டியக் குடிங்க காக்கா."

*

ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் ஜெஸீமுக்கு மேலே இருப்பவர் மெட்டில்டா மிஸ். பாண்டிருப்புப் பக்கத்து மெதடிஸ்த சபைக்காரி. குரல் உயர்ந்து ஒருவரும் கேட்டதில்லை. வார்ட்டில் ஒருவன் கதிரையைத் தூக்கி எறிந்தால், 'கதிரைக்கு என்ன சொல்ல விரும்பினீங்க?' என்று கேட்பவர்.

ஜெஸீம் எல்லாவற்றையும் ஒப்பித்தான்.

"மிஸ், நான் செஞ்சது பிழையா?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க, ஜெஸீம்?"

இந்தக் கேள்வியை ஜெஸீமே ஒரு நாளைக்குப் பத்துத் தரம் மற்றவர்களிடம் கேட்பவன். தன் பக்கம் திரும்பி வந்தபோதுதான் இது எவ்வளவு எரிச்சலான கேள்வி என்று விளங்கியது. இத்தனை நாளும் எத்தனை பேர் தன்னை மனதுக்குள் ஏசியிருப்பார்கள்!

"எனக்கு விளங்கல்ல மிஸ். அதுதான் கேக்கிறன்."

"சரி. பிழை எண்ட சொல்லு உங்களுக்குள்ள என்ன உணர்வைத் தருது?"

"பசியத் தருது மிஸ். காலையில இருந்து சாப்பிடல்ல."

மெட்டில்டா மிஸ் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பாதி இடியப்பத்தை அவன் பக்கம் தள்ளினார். "உங்களைப் பிழை சொல்ல எனக்கு மனம் வருதில்ல, ஜெஸீம். எவ்வளவு தூரம் கடந்து வந்த ஆள் நீங்க! இதை நான் எழுத்தில மேல அனுப்பவேணும். அனுப்பினா உங்கட வேலைக்கு என்ன வருமோ தெரியாது. அனுப்பாட்டி என்ட வேலைக்கு என்ன வருமோ தெரியாது. கொஞ்சம் யோசிப்பம்."

யோசித்தார்கள். இடியப்பம் முடிந்தது. முடிவு வரவில்லை.

வீட்டில் மனைவி றுஸ்தாவிடமும் கேட்டான். அவள் தேங்காய் துருவிக்கொண்டே முழுக்கதையையும் கேட்டாள். கடைசியில், "இண்டைக்கி மருந்துக் குளிசை போட்டீங்களா?" என்றாள்.

எட்டு வருஷமாக இதுதான் அவளுடைய பதில். மழை வருமா என்று கேட்டாலும் குளிசை போட்டீங்களா. அதற்கு முன்னம் றுஸ்தா நாக்கு நீண்டவள். ஒரு பீங்கான் உடைந்தால் மூன்று வீட்டுக்குக் கேட்கும். இப்போது போன மாதம் அவன் சோற்றுப் பானையைக் கரிக்கட்டி ஆக்கியபோதுகூட, "பரவாயில்ல, நீங்க நல்லா இருந்தாப் போதும்" என்று பானையைச் சுரண்டினாள். ஏச்சு வாங்காத புருஷன் ஊரிலேயே தான் ஒருவன்தான் என்பது ஜெஸீமுக்குச் சில நாட்களில் பெருமையாகவும், பல நாட்களில் ஒரு குறையாகவும் இருக்கும்.

"போட்ட" என்றான்.

"அப்ப ஒண்டுமில்ல. படுங்க."

*

புதன்கிழமை கிளினிக். றிஸ்மிக்கு ஊசி நாள். பதினொரு மணியாகியும் ஆள் வரவில்லை. பன்னிரண்டுக்கு ஜெஸீம் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மருதமுனைக்குப் போனான்.

றிஸ்மியின் ராத்தா ஜெனூபா வாசலிலேயே சிரித்த முகமாக நின்றாள். உம்மா வாப்பா இல்லாத தம்பியைத் தனியாக வளர்த்தவள். தம்பி ஐஸ் ஃபெக்டறிக்குள் போன நாளிலிருந்து சிரித்து ஜெஸீம் கண்டதில்லை. வழக்கு நாளில் இவள் வெளியே மரத்தடியில்தான் இருந்தாள். உள்ளே நடந்தது தெரியாது.

"வாங்க காக்கா! இரிங்க! இந்தாங்க, வட்டிலப்பம். நேத்து நிந்தவூர்ல இருந்து பொண் வீட்டாக்கள் வந்த. தம்பியப் பாத்துட்டுப் போன."

"மாப்பிள்ளை கேட்டா?"

"ஓம்! நல்ல ஆக்கள். 'தம்பிக்கு முந்தி ஏதோ சுகமில்லையாமே' எண்டு மெல்லமாக் கேட்ட. நான் ஒண்டும் கதைக்கல்ல. இத எடுத்து முன்னால வெச்ச." பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட ஒரு ஃபோட்டோக் கொப்பியை நீட்டினாள். கோட்டுக் கட்டளை. 'சுகமடைந்திருப்பதால்' என்ற சொல்லின் கீழே சிவப்புப் பேனையால் கோடு. "ஊர்ல எந்த மாப்பிள்ளைக்கு நீதவான் சுகமெண்டு எழுதிக் குடுத்திரிக்கார், சொல்லுங்க பாப்பம்? உங்களுக்கும் எழுதிக் குடுக்கல்லையே!"

ஜெஸீம் அந்த இனிப்புத் தட்டைக் கீழே வைத்தான்.

"இண்டைக்கி ஊசி நாள் தங்கச்சி."

"கோட்டே வேணாமெண்டு சொன்ன பொறகு ஊசி என்னத்துக்கு காக்கா? அத அடிச்சா அவன்ட கை நடுங்குது. நடுங்கிற கையோட எப்பிடிக் கலியாணத்துக்குக் காவின் எழுதுற?"

இப்போது சொல்ல வேண்டும். 'தங்கச்சி, சுகமெண்டு எழுதினது உங்கட தம்பிக்கு இல்ல, எனக்கு' என்று சொன்னால் போதும். ஜெஸீம் மூச்சை இழுத்து வாயைத் திறந்தான்.

"வட்டிலப்பம் நல்லா இரிக்கி" என்றது வாய்.

"இன்னும் கொஞ்சம் வெச்சிரிக்கலாம். ஃபிரிட்ஜ் மூணு நாளா வேல செய்யுதில்ல, பழுதாப் போயிடும் எண்டு எல்லாத்தையும் பங்கிட்ட. ஆரையும் கொண்டு காட்டோணும்."

தண்ணீர் குடிக்கிற சாட்டில் ஜெஸீம் அடுப்படிக்குப் போனான். ஃபிரிட்ஜில் ஒரு பழுதும் இல்லை. வயர் சுவரிலிருந்து கழற்றப்பட்டிருந்தது. அதன் நுனியில் ஒரு பழைய சாரத்துணி, காயத்துக்குக் கட்டுவது போல, பக்குவமாகச் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது.

றிஸ்மி பின்வளவில் வேலியோரம் நின்றான். புதுச் சேட்டு. கண்ணுக்குக் கீழே கறுப்பு.

"தம்பி, சத்தம் வந்துட்டா?"

"மெல்லமாத்தான் காக்கா. ஃபிரிட்ஜ் மட்டும்தான் கதைக்கிற."

"வாங்க, இப்பவே போய் ஊசியப் போட்டுட்டு வருவம்."

றிஸ்மி வீட்டைப் பார்த்தான். உள்ளே ஜெனூபா யாருக்கோ ஃபோனில் நிந்தவூர்க் கதையைச் சொல்லிச் சிரிப்பது கேட்டது.

"ராத்தா சந்தோசமா இரிக்கா காக்கா" என்றான்.

ஜெஸீம் தனியாகத் திரும்பினான். மெட்டில்டா மிஸ்ஸிடம் ஃபிரிட்ஜ் வயரைப் பற்றிச் சொன்னான். மிஸ் அன்று பின்னேரமே அந்த வீட்டுக்குப் போனார். போகும்போதே ஜெஸீமின் கையைப் பிடித்து, கோட்டுக் கூத்தைப் பற்றித் தான் வாய் திறக்கப் போவதில்லை, அது அவன் சொல்ல வேண்டிய கதை என்றார். ஊசியைப் பற்றி மட்டும் கதைத்தார். ஜெனூபா அவருக்கும் வட்டிலப்பம் கொடுத்து, கட்டளைக் கொப்பியைக் காட்டி, மரியாதையாக அனுப்பி வைத்தாள்.

எல்லோரும் தன்னிடம் வளைத்து வளைத்துக் கதைக்கிறார்கள் என்று ஜெஸீம் குறைப்பட்டுக்கொண்டிருந்தானே தவிர, அப்படி வளைப்பவர்களில் தானும் ஒரு ஆள் என்பது அவனுக்கு விளங்காமல் இல்லை. விளங்கியும் நாக்கு வளையாமல் நின்றால்தானே! நீதவான் அம்மாவுக்குக் கடிதம் எழுதினான். மூன்று கடிதம். ஒன்றில் தான் செய்தது குற்றம் என்றிருந்தது. ஒன்றில் தவறு நடந்துவிட்டது என்றிருந்தது, யார் நடத்தியது என்றில்லை. மூன்றாவதைத் திரும்பி வாசித்தபோது, தனக்கு வேலை உயர்வு கேட்பது போலத் தெரிந்தது.

*

அடுத்த வழக்குத் தவணை நாள். மூன்று கடிதமும் சட்டைப்பைக்குள். எதைக் கொடுப்பது, கொடுப்பதா என்றே முடிவில்லை. இந்த முறை ஜெனூபாவும் உள்ளே வந்து, பிளாஸ்டிக் உறையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். மிஹ்லாரும் நேரத்துக்கே வந்து முன்வரிசையில் கோப்பைத் திறந்து வைத்திருந்தான். ஜெஸீமை மட்டும் பார்க்கவில்லை.

றிஸ்மி மேலே சுற்றுகிற மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான். அதுவும் கதைக்கத் தொடங்கிவிட்டது என்று ஜெஸீமுக்குப் பட்டது.

"அஹமதுலெப்பை றிஸ்மி!"

ஒரே தரம்தான் கூப்பிட்டார்கள். ஜெஸீம் முழங்கையைத் தொட முன்னம் றிஸ்மி எழும்பிவிட்டான். கால் உதறிக்கொண்டேதான் நடந்தான், உதறிக்கொண்டே ஏறினான்.

நீதவான் அம்மா நிமிர்ந்தார். கோப்பைப் பார்த்தார். திரும்பவும் நிமிர்ந்தார்.

"நீர் யார்?"

"அஹமதுலெப்பை றிஸ்மி, மேடம்."

"சென்ற தவணை இங்கே நின்றவர்?"

மிஹ்லாருக்கு அந்த நேரம் பார்த்துக் கோப்பின் அடியில் மிக முக்கியமான ஒரு தாள் அகப்பட்டது.

"அது ஜெஸீம் காக்கா மேடம்" என்றான் றிஸ்மி. "எனக்குக் காட்டித் தாறதுக்கு ஏறின. இறங்க மறந்துட்டார்."

மன்றத்தில் ஒரு சிரிப்புக் கிளம்பி, பொலிஸ் சார்ஜனின் முகத்தைக் கண்டு அடங்கியது. றிஸ்மி நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்பத் தொடங்க முடியாது என்பது போலக் கதைத்தான்.

"எனக்கு இன்னும் சத்தம் கேக்குது மேடம். ஊசி போட்டாக் குறையுது. இந்த மாசம் போடல்ல. இந்த ஃபேனும் இப்ப ஏசுது. மறியல்ல போட்டாலும் பரவாயில்ல, ஊசிய மட்டும் தாங்க."

ஜெனூபாவின் மடியிலிருந்து பிளாஸ்டிக் உறை நழுவி விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை. தம்பியையே பார்த்தாள். பிறகு திரும்பி ஜெஸீமைப் பார்த்தாள். ஜெஸீம் சட்டைப்பையிலிருந்த மூன்று கடிதத்தையும் எடுத்து வாங்கிலேயே வைத்தான்.

அவன் எழும்பி முன்னால் போனான். கூண்டின் படிக்குப் பக்கத்தில் தரையிலேயே நின்றான்.

"நான்தான் மேடம்."

"அன்று என்னுடைய கேள்விகளுக்கு நீர் சொன்ன பதில்கள்?"

"எல்லாம் உண்மை மேடம். என்ட உண்மை."

"இது உம்முடைய வழக்கு இல்லை என்று ஏன் சொல்லவில்லை?"

இரண்டு கிழமை யோசித்து வைத்திருந்த காரணங்களில் ஒன்றும் வரவில்லை. வந்தது வேறு.

"நீங்க 'சுகமாகிட்டீர்' எண்டு சொன்னீங்க மேடம். எனக்கு இதுவரைக்கும் ஒருத்தரும் அப்பிடிச் சொல்லல்ல. இன்னும் கொஞ்ச நேரம் கேப்பம் எண்டு நிண்டுட்டன்."

நீதவான் அம்மா கொஞ்ச நேரம் எழுதினார். முந்திய கட்டளை ரத்து. பிணை அப்படியே தொடரும். ராத்தாவின் பொறுப்பில் றிஸ்மி இங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டும். பழையபடி மாதாமாதம் அறிக்கை வர வேண்டும். துணையாள் கூட வரலாம், வாங்கில் இருக்கலாம். நடந்ததை எழுத்தில் தர வேண்டும்.

அப்போதுதான் மிஹ்லாருக்கு உயிர் வந்தது. கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழும்பினான். "கனம் நீதவான் அவர்களே, இந்தத் துணையாளர் சம்பந்தமாக ஒரு வார்த்தை. இவரும் நீண்ட காலம் சுகவீனமுற்றிருந்தவர். என்ன செய்கிறோம் என்று முழுமையாக விளங்காத நிலையில்..."

"விளங்கின மேடம்" என்றான் ஜெஸீம்.

"காக்கா, இரிங்க!" மிஹ்லார் பல்லைக் கடித்தான்.

"இல்ல தம்பி, எனக்கு விளங்கின. மேடம், இவரு சொல்றத எடுக்காதீங்க. ரெண்டு கிழமையா ஒவ்வொருத்தரிட்டயாக் கேட்டுத் திரியிறன். ஒருத்தரும் சொல்றாங்கல்ல. பாவம் எண்டு விட்டுர்றாங்க. நீங்களாவது சொல்லுங்க. நான் செஞ்சது பிழையா?"

சார்ஜன் அவனுடைய கையைப் பிடித்தான். நீதவான் அம்மா, விடும் என்பது போல விரலை அசைத்தார். கண்ணாடிக்கு மேலாக ஜெஸீமை, நெற்றியிலிருந்து செருப்பு வரை, ஒரு தரம் பார்த்தார்.

"ஓம்" என்றார். "பிழை. பெரிய பிழை. போய் இரும்."